ஸபுர் யாருடைய கடமை?

2023 ஆம் ஆண்டு ரமளான் பங்குனி வெயிலோடு வந்தது. அதன் கடைசிப் பத்தில் ஒரு நாள் புதுக்கோட்டை மாவட்டம் அரிமளத்தில் நம் தங்கை வீட்டில் தங்கும்படியாயிற்று. தங்கையின் மகள் வயிற்றுப் பேரனுக்கு அப்போது ஏழு வயது. அன்றுதான் அவனுக்கு முதல் நோன்பு. ஸஹருக்கு எல்லோருக்கும் முன்னால் எழுந்து உட்கார்ந்தவன் அவன்தான். லுஹர் வரை வீட்டில் அவனுடைய நடையே வேறாக இருந்தது. யார் வந்தாலும் தான் நோன்பு என்பதை எப்படியாவது அவர்கள் காதில் போட்டுவிடுவான்.

அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். தூக்குவாளியைக் கையில் கொடுத்து அவனை அனுப்பினார்கள். போனவன் வெகுநேரம் திரும்பவில்லை. தேடிப் போன அவனுடைய மாமன், அடுத்த தெருவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து வாளி மூடியில் கஞ்சியை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தவனைக் கண்டார். முதுகில் ஓர் அறை வைத்து இழுத்து வந்தார். மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"பாருங்க மாமா, ஏழு வயசாச்சு. இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க முடியல. இப்பவே ஸபுர் இல்லாதவன் நாளைக்கு என்னத்துக்கு ஆவான்?" என்று நம்மிடம் முறையிட்டார்.

நம் தங்கை அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "புள்ளைக்கு ஸபுர் இல்லைன்னு அடிச்சியே, ஒனக்கு எங்கடா போச்சு ஸபுர்?"

பையன் விம்மி விம்மி அழுதான். அழுகை சற்று அடங்கியதும் அவன் சொன்ன சொல்தான் நம்மை இதை எழுத வைத்தது. "நோன்பு புடிச்சா பெருநாளைக்கு சைக்கிள்னு அத்தா போன்ல சொன்னாங்க. போன தடவையும்தான் சொன்னாங்க. வரல்ல." கொஞ்சம் நிறுத்தி, நம் முகத்தைப் பாராமல், "நன்னாவும் கடிகாரம் தாரேன்னாங்க," என்றான்.

ஆம், சொல்லியிருந்தோம். முந்திய ஆண்டு, சின்ன சூராக்கள் பத்தை மனனம் செய்து ஓதிக் காட்டினால் கைக்கடிகாரம் வாங்கித் தருவதாக நாம்தான் சொன்னோம். அவன் மூன்று மாதத்தில் தொலைபேசியிலேயே ஓதிக் காட்டினான். நாம் மாஷா அல்லாஹ் சொன்னோம். அதோடு மறந்தும் விட்டோம்.

நேயர்களே! கோபத்தை அடக்குவது, பசியைப் பொறுப்பது, ஆசைப்பட்டதற்குக் காத்திருப்பது இவற்றையெல்லாம் ஸபுர் என்ற ஒரே சொல்லில் அடக்கி, அது பிள்ளையிடம் இருக்கிறதா இல்லையா என்று நாம் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். ஒரு பிள்ளை தன்னை அடக்கிக்கொள்ளாத போது அது அந்தப் பிள்ளையின் குற்றமா? அல்லது அவனைச் சூழ்ந்திருக்கும் பெரியவர்களின் கணக்கில் எழுதப்பட வேண்டியதா? இந்தக் கேள்வியை நாம் சற்று நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது.

மார்க்கச் சட்டத்தின் பக்கம் இதில் சிக்கல் எதுவும் இல்லை. பருவம் அடையாத பிள்ளையின் மீது நோன்பு கடமையன்று. மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்ற ஹதீஸில் பருவமடையாத சிறுவரும் அடங்குவர். ஆகவே கஞ்சி குடித்த பையன் பாவம் எதுவும் செய்யவில்லை. அடித்தவரும் அதைச் சொல்லி அடிக்கவில்லை. 'பழக்க வேண்டாமா?' என்பதுதான் அவருடைய வாதம். பழக்கத்தான் வேண்டும். எப்படிப் பழக்குவது என்பதில்தான் நாம் பாதை தவறுகிறோம்.

ஸஹாபாக்கள் தம் பிள்ளைகளுக்கு நோன்பை எப்படிப் பழக்கினார்கள்? ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. ஆஷூரா நோன்பைத் தாமும் நோற்று, தம் சிறுவர்களையும் நோற்கச் செய்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகக் கம்பளியால் விளையாட்டுப் பொம்மைகள் செய்து வைத்துக்கொண்டார்கள். எந்தப் பிள்ளையாவது பசித்து அழுதால் அந்தப் பொம்மையைக் கையில் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை பராக்குக் காட்டினார்கள். இதில் அடி இல்லை, 'வெட்கமாயில்லையா?' என்ற கேள்வியும் இல்லை. பிள்ளை அழும் என்பது முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வேளைக்கான ஏற்பாட்டைத் தாய்மார் முன்னதாகவே செய்து வைத்திருந்தார்கள். பிள்ளையின் ஸபுருக்குப் பாதிச் சுமையைப் பெரியவர்கள் தூக்கிக்கொண்டார்கள்.

நாம் என்ன செய்தோம்? பசித்த பிள்ளையின் கையில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி வாளியைக் கொடுத்துத் தனியே தெருவில் அனுப்பி வைத்தோம்!

இதே விஷயத்தை உளநூல் வல்லார் ஒருவர் அறுபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு வழியில் ஆராய்ந்தார். வால்டர் மிஷெல் என்பது அவர் பெயர். 1930 இல் வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938 இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறினார். 2018 இல் காலமானார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிங் என்ற மழலையர் பள்ளியில், நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனியறையில் உட்கார வைத்து, முன்னால் ஒரு தின்பண்டத்தை வைத்தார். நான் திரும்பி வரும் வரை பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும். பொறுக்க முடியாவிட்டால் மணியை அடி, ஒன்று கிடைக்கும் என்பது ஏற்பாடு. அந்தத் தின்பண்டங்களில் மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற சர்க்கரை மிட்டாயும் ஒன்று. (அதில் ஜெலட்டின் சேர்கிறது, எந்தப் பிராணியின் ஜெலட்டின் என்பது நம் வீடுகளில் தனியே விசாரித்து அறிய வேண்டியது.) அந்த மிட்டாயின் பெயராலேயே சோதனை உலகெங்கும் பேசப்பட்டது.

ஊரெல்லாம் பேசியது எந்தப் பிள்ளை பொறுத்தது, எது பொறுக்கவில்லை என்பதைத்தான். மிஷெல் உண்மையில் ஆராய்ந்தது, பொறுத்த பிள்ளை எப்படிப் பொறுத்தது என்பதை. 1970 இலும் 1972 இலும் வெளிவந்த அவருடைய கட்டுரைகள் இதைத் தெளிவாக்குகின்றன. பண்டம் கண்ணெதிரே இருந்தால் பிள்ளைகள் சீக்கிரம் தோற்றார்கள். அதை மூடி வைத்தால் அதே வயதுப் பிள்ளைகள் வெகுநேரம் இருந்தார்கள். வேறு மகிழ்ச்சியான விஷயத்தை நினைத்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டுப் போனால், எதிரே பண்டம் இருந்தும் பொறுத்தார்கள். தின்பண்டத்தின் இனிப்பையே நினைத்துக்கொண்டிருக்கச் சொன்னால், மூடி வைத்தும் பயன் இருக்கவில்லை. பாட்டுப் பாடியும், விரல்களோடு விளையாடியும், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தும் பிள்ளைகள் தாமாகவே தம் கவனத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பல்லைக் கடித்துப் பண்டத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தாம் சீக்கிரம் மணியடித்தார்கள்.

மதீனத்துத் தாய்மார் பிள்ளைகளின் கையில் கொடுத்த கம்பளிப் பொம்மையை இங்கே யாருக்குத்தான் நினைவு வராது?

ஆனால் ஓர் எச்சரிக்கை. இப்படி எதையாவது கண்டவுடன், 'மேல்நாட்டு விஞ்ஞானம் இன்று கண்டதை நம் மார்க்கம் அன்றே சொல்லிவிட்டது' என்று மேடையில் முழங்குவது நம்மில் பலருக்கு வாடிக்கையாகிவிட்டது. இதில் நமக்கு உடன்பாடில்லை. மார்க்கத்துக்கு அந்த நற்சாட்சிப் பத்திரம் தேவையில்லை. மேலும், விஞ்ஞானம் தன்னைத் தானே திருத்திக்கொண்டே போவது. 1990 இல் மிஷெலும் அவருடைய சகாக்களும், மழலையில் அதிக நேரம் பொறுத்த பிள்ளைகள் வளர்ந்த பின் கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக எழுதினார்கள். உடனே, பொறுமைதான் வாழ்க்கையின் வெற்றி என்று புத்தகங்கள் கிளம்பின. 2018 இல் டைலர் வாட்ஸ் முதலியோர் தொள்ளாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் விவரங்களைக் கொண்டு மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. பிள்ளைகளின் குடும்பச் சூழ்நிலையையும் கணக்கில் எடுத்ததும் மேலும் மெலிந்துபோயிற்று. 1990 இன் முடிவின் மேல் ஹதீஸை மாட்டி வைத்திருந்தவர் 2018 இல் என்ன செய்வார்? ஆகவே ஆராய்ச்சியை ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளை உற்றுக் கவனித்தவர் யாராயிருந்தாலும் அவர் கண்டதைக் கேட்டுக்கொள்வதில் நமக்கு நஷ்டம் எதுவுமில்லை.

குடும்பச் சூழ்நிலை என்றோமே, அதற்கு வருவோம். நம் பையன் சொன்ன சைக்கிளும் கடிகாரமும் அங்கேதான் இருக்கின்றன.

மிஷெல் தம் முதல் சோதனைகளை அமெரிக்காவில் செய்யவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடில் செய்தார். 1845 முதல் நம் நாட்டிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் சந்ததியினர் வாழும் தீவு அது. அங்கே ஆப்பிரிக்க வழியினர் நாளையை எண்ணாதவர்கள் என்று இந்திய வழியினரும், இந்தியர்கள் வாழத் தெரியாமல் சேர்த்து வைப்பவர்கள் என்று ஆப்பிரிக்க வழியினரும் ஒருவரையொருவர் குறை சொல்வதைக் கேட்டார். பள்ளிப் பிள்ளைகளிடம், இப்போதே சிறிய மிட்டாய் வேண்டுமா, அல்லது ஒரு வாரம் கழித்துப் பெரிய மிட்டாய் வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார். 1958 இல் வெளியான அந்தக் கட்டுரையில் அவர் கவனத்தைக் கவர்ந்தது வீட்டில் தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்பது. தகப்பன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளே கையில் கிடைக்கும் சிறிய மிட்டாயை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஆண்மகனை அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் அதிகம் கண்டதில்லை. அப்படியிருக்க, முன்பின் அறியாத ஒருவர் அடுத்த வாரம் தருவேன் என்றால் எப்படி நம்புவார்கள் என்பது அவர் பிற்காலத்தில் கொண்ட விளக்கம்.

இதைப் படிக்கும்போது நம் ஊர்களின் நினைவு வராமல் போகாது. அரிமளத்தில் மட்டுமல்ல, இந்த மாவட்டத்தின் எந்த முஸ்லிம் தெருவில் போய்க் கேட்டாலும் தகப்பன் சவூதியிலோ, துபாயிலோ, குவைத்திலோ, மலேசியாவிலோ, சிங்கப்பூரிலோ இருக்கும் வீடு இல்லாமலிராது. அந்தத் தகப்பன்மாரைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. பிள்ளை குட்டிகளின் வயிற்றுக்காகவே பாலைவன வெயிலில் நிற்கிறார்கள். அவர்கள் செய்யும் ஸபுரின் பாரம் அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தூரத்தில் இருப்பவருக்குப் பிள்ளையைச் சமாதானப்படுத்தக் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, வாக்குறுதி. அடுத்த மாதம் வருகிறேன், வரும்போது வாங்கி வருகிறேன், அழாதே, சைக்கிள் வரும். விடுப்புக் கிடைக்காமல் போகும், சம்பளம் தாமதமாகும், வீட்டுக்கு வேறு செலவு வந்துவிடும். அவர் பொய் சொல்ல நினைக்கவில்லைதான். ஆனால் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தில் அது வராத சைக்கிள்.

இந்தக் கணக்குப் புத்தகம் எவ்வளவு நுட்பமானது என்பதை 2013 இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள இருபத்தெட்டுப் பிள்ளைகள். முதலில் படம் வரையப் பழைய வண்ணக் குச்சிகளைக் கொடுத்து, சற்றுப் பொறு, இதைவிட நல்லது கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி நல்லது வந்தது. மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, மன்னித்துக்கொள், இல்லை என்றார்கள். பிறகு அதே ஆள் அந்த மிட்டாய்ச் சோதனையை வைத்தார். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரி பன்னிரண்டு நிமிடம் பொறுத்தார்கள். வாக்கு மீறப்பட்டவர்கள் மூன்று நிமிடம். பதினைந்து நிமிடமும் முழுதாகக் காத்திருந்தவர்கள் முதற்பிரிவில் பதினான்கு பேருக்கு ஒன்பது பேர். இரண்டாவதில் பதினான்கு பேருக்கு ஒரே ஒருவன்.

அந்த மூன்று நிமிடப் பிள்ளைகளுக்கு ஸபுர் இல்லை என்று சொல்லலாமா? ஏமாற்றிய ஆளை நம்பிக் காத்திருப்பதற்குப் பொறுமை என்று பெயரா? அவர்கள் செய்தது நியாயமான முடிவு என்றுதான் நமக்குப் படுகிறது. வருமென்று நிச்சயமில்லாத சைக்கிளுக்காக எதிரே இருக்கிற கஞ்சியை விட வேண்டுமா என்று அரிமளத்துத் திண்ணையில் அமர்ந்து ஓர் ஏழு வயதுப் பிள்ளை யோசித்தான் என்றால், அந்த யோசனையை அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் நாமும் ஒருவர்.

அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்கள் சிறு பிள்ளையாயிருந்த காலம். நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அவர்கள் வீட்டில் அமர்ந்திருக்கிறார்கள். தாயார் பிள்ளையை, வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைக்கிறார்கள். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தாயாரைக் கேட்கிறார்கள். பேரீச்சம்பழம் என்று விடை வருகிறது. எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரிக்கிறார்கள். ஒரு பேரீச்சம்பழம்! விளையாடப் போகும் பிள்ளையைத் திரும்ப அழைக்க எந்தத் தாயும் சொல்லும் சொல்! அதற்கும் கணக்கு உண்டு.

இந்த ஹதீஸை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம், பேசியும் இருக்கிறோம். பொய் சொல்வது பெரியவரின் பாவம் என்ற அளவிலேயே அதை நிறுத்திவிட்டோம். அந்தப் பொய் பிள்ளையின் உள்ளத்தில் எதை அழிக்கிறது என்று பார்க்கவில்லை. மறுமைக்காகக் காத்திருப்பதே ஈமானின் பெரும் பகுதி. இங்கே விட்டால் அங்கே கிடைக்கும் என்று கண்ணால் காணாத வாக்கை நம்பி வாழ்வதல்லவா முஃமினின் வாழ்வு? வாக்கு என்றால் நிறைவேறுவது என்ற முதல் பாடத்தைப் பிள்ளை யாரிடம் படிக்கிறான்? தாயிடமும் தகப்பனிடமும். அந்தப் பாடத்தில் தவறு நேர்ந்தால் பிறகு மக்தபில் உஸ்தாது எத்தனை ஆண்டு பாடுபட வேண்டியிருக்கும்!

இவ்விடத்தில் சிலர் ஒரு ஹதீஸைக் கொண்டு வருவார்கள். ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்ற கருத்தில் வருவது. அதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஏழுக்கும் பத்துக்கும் இடையில் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. நாளைக்கு ஐந்து வேளை என்று கணக்கிட்டால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட முறை சலிக்காமல் அழைக்க வேண்டும். அத்தனை முறை அன்போடு அழைத்துப் பார்த்த தகப்பன் எவராவது இருந்தால் அவர் மேற்கொண்டு பேசட்டும். அதற்குப் பிறகும் முகத்தில் படக்கூடாது, காயமோ தழும்போ உண்டாகக் கூடாது, கோபத்தைத் தீர்த்துக்கொள்வதாக இருக்கக்கூடாது என்று ஃபிக்ஹு நூல்கள் கட்டுப்பாடுகளை அடுக்குகின்றன. நம் வீடுகளில் விழும் அடிகளில் முக்கால்வாசி கோபத்தின் அடியே தவிர மார்க்கத்தின் அடியன்று. கோபத்தை அடக்கத் தெரியாதவர், கோபத்தை அடக்கும்படி பிள்ளைக்கு அடித்துச் சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளை எதைப் படித்துக்கொள்ளும்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஹிஜ்ரி 505 இல் மறைந்தவர்கள். இஹ்யாவில் நஃப்ஸைப் பயிற்றுவிப்பது பற்றிய பகுதியில் பிள்ளை வளர்ப்புக்கென்று தனியே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பிள்ளை பெற்றோரிடம் உள்ள அமானத், அதன் உள்ளம் எதையும் ஏற்கும் தூய மாணிக்கம் என்று தொடங்குகிறார்கள். பிள்ளையிடம் முதலில் மேலோங்குவது உணவின் மீதுள்ள பேராசை என்பதால் பயிற்சியும் அங்கேயே தொடங்க வேண்டும் என்கிறார்கள். முதல் முறை தவறு செய்தால் கண்டும் காணாததுபோல் விட்டுவிட வேண்டும். மறுபடி செய்தால் தனிமையில் கண்டிக்க வேண்டும். ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தால் திட்டு அதற்குப் பழகி, சொல் அதன் உள்ளத்தில் விழாமல் போகும் என்று எச்சரிக்கிறார்கள். ஓதி முடித்த பின் களைப்புத் தீர விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து எப்போதும் படிப்பிலேயே நெருக்கினால் உள்ளம் செத்துவிடும் என்பதும் அவர்களுடைய கருத்தே. காலை மக்தப், பகல் பள்ளிக்கூடம், மாலை டியூஷன், இரவு வீட்டுப் பாடம் என்று பிள்ளைகளை ஓட்டும் நாம் இதைத் தனியே ஒருமுறை படிப்பது நல்லது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் ஸபுரைப் பற்றி நாம் சொன்னது அரைகுறையாகிவிடும். அடக்கிக்கொள்வது என்றால் என்ன? அழாமலிருப்பதா? நம் பையன் அழுதபோது அவனுடைய மாமன், "ஆம்பளப் புள்ள, வெக்கமா இல்லையா?" என்று இரண்டாம் முறையும் அதட்டினார்.

பமேலா கோல் என்ற அமெரிக்க உளநூல் ஆராய்ச்சியாளர் நேபாளத்தில் பிராமணக் குடும்பங்களிலும், புத்த சமயத்தவரான தாமாங் குடும்பங்களிலும் பிள்ளைகளின் உணர்ச்சிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒருவர் அநியாயம் செய்துவிட்டால் என்ன உணர்வாய் என்று கேட்டால், பிராமணப் பிள்ளைகள் கோபம் வரும், ஆனால் வெளியே காட்டமாட்டோம் என்ற போக்கில் விடை சொன்னார்கள். தாமாங் பிள்ளைகள் கோபத்தைவிட வெட்கத்தையே அதிகம் சொன்னார்கள். 2006 இல் வெளியான அவருடைய கட்டுரை பெரியவர்களின் பக்கத்தைக் காட்டியது. தாமாங் பெரியவர்கள் கோபப்படும் பிள்ளையைக் கண்டித்தார்கள். வெட்கப்பட்டுச் சுருங்கும் பிள்ளையை அணைத்துப் பேசித் தேற்றினார்கள். பிராமணப் பெரியவர்கள் கோபத்துக்குக் காது கொடுத்தார்கள். வெட்கத்தைக் கவனிக்காமல் விட்டார்கள். ஒரே மலைநாட்டில் இரண்டு வழி. நம் நாட்டில் வைசாலி ராவல் என்பவர் குஜராத்திப் பிள்ளைகளிடம் இதே போல் விசாரித்து 2007 இல் எழுதினார். அந்தப் பிள்ளைகள் உடல் வலியை வெளிக்காட்டிய அளவுக்குக் கோபத்தையும் துக்கத்தையும் காட்டவில்லை. காயம் பட்டால் சொல்லலாம், மனம் புண்பட்டால் சொல்லக்கூடாது என்று யாரும் பாடம் நடத்தவில்லை; பெரியவர்களின் முகத்தைப் பார்த்தே படித்துக்கொள்கிறார்கள்.

நம் பிள்ளைகள் நம் முகத்தில் எதைப் படிக்கிறார்கள்? அழுகையைக் கண்டால் அருவருப்பு. கோபத்தைக் கண்டால் பதில் கோபம்.

நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே இறுதி மூச்சு விட்டபோது அவர்கள் கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா என்று அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டார்கள். இது ரஹ்மத் என்று விடை வந்தது. கண் அழும், உள்ளம் துயரப்படும், இறைவனுக்குப் பொருந்தாததை மட்டும் நாவு சொல்லாது என்ற பொருளில் விளக்கினார்கள். யஃகூப் (அலை) அவர்களின் ஸபுரைத் திருமறை அழகிய ஸபுர் என்ற பெயரால் குறிப்பிடுகிறது. மகனுக்காக அழுது அழுது அவர்கள் கண்கள் வெளுத்துப் போனதையும் அதே அத்தியாயத்தில்தான் சொல்கிறது. அழுகையும் ஸபுரும் ஒரே உள்ளத்தில் இருக்க முடியும் என்றால், ஏழு வயதுப் பிள்ளையின் அழுகையில் ஸபுர் இல்லை என்று தீர்ப்பளிக்க நாம் யார்?

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் வளர்த்த சிட்டுப் போன்ற சிறு பறவை செத்துப் போயிற்று. பையன் சோகமாக இருந்தான். நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தபோது அவனுடைய பெயரைச் சொல்லி அழைத்து அந்தப் பறவையைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு குருவிதானே என்று அவர்கள் சொல்லவில்லை. வேறு வாங்கித் தருகிறேன் என்று வாக்கும் கொடுக்கவில்லை. அவனுடைய துக்கத்தைக் கேட்டார்கள். அவ்வளவுதான்.

கோபத்துக்கும் அவர்கள் காட்டிய வழிகள் இப்படியே எளிமையானவை. நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் தீராவிட்டால் படுக்கட்டும். ஷைத்தானை விட்டும் அல்லாஹ்விடம் காவல் தேடட்டும். கோபமே வராதவர் உண்டு என்று இதில் வைக்கவில்லை. வந்த பின் உடம்பை என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஹிஜ்ரி 322 இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் உடலின் நலன், உள்ளத்தின் நலன் என்று இரண்டையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். மருந்துகளை நோய் வருமுன் வீட்டில் சேர்த்து வைப்பது போல, கோபமோ பயமோ வரும் வேளைக்கான நல்ல எண்ணங்களை மனம் அமைதியாயிருக்கும் காலத்திலேயே சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவர் ஆலோசனை. கொதிக்கும்போது சொல்லும் உபதேசம் கேட்காது. பெரியவருக்கே கேட்காது, பிள்ளைக்கு எப்படிக் கேட்கும்? பிள்ளைகளின் மூளையில் தன்னைத் தான் நிறுத்திக்கொள்ளும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழு வளர்ச்சி பெற இருபது வயதைத் தாண்டுகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதுவரை பிள்ளை பெரியவரின் நிதானத்தைத்தான் கடன் வாங்கிப் பிழைக்கிறது. பால்குடியைத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுக்கும் தாயின் கையே அந்தக் கடனின் முதல் தவணை.

இதனால் பிள்ளையிடம் எதையும் கேட்கவே கூடாது என்று பொருளாகிவிடாது. ஸதகாப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்ட பேரர் ஹஸன் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் சும்மா விடவில்லை. உடனே துப்பச் செய்தார்கள், காரணத்தையும் சொன்னார்கள். பேரர் ஒருவர் ஸஜ்தாவில் முதுகின் மேல் ஏறி அமர்ந்தபோது, அவர் ஆசை தீரும் வரை ஸஜ்தாவை நீட்டினார்கள். எங்கே நிறுத்துவது, எங்கே காத்திருப்பது என்று இரண்டும் தெரிந்திருந்தது. நமக்குச் சிரமம் தருவதை எல்லாம் பிள்ளையின் குற்றம் என்று வைத்திருக்கும் வரை இந்த வேறுபாடு நமக்குப் புலப்படாது.

அன்று மஃரிபுக்கு பாங்கு சொன்னதும் நம் தங்கை பையனைத் தம் பக்கத்தில் உட்கார வைத்து எல்லோருக்கும் போலவே அவன் கையிலும் ஒரு பேரீச்சம்பழத்தைக் கொடுத்தார். "அஸர் வரைக்கும் இருந்தான்ல, அதுவே எம்மாம் பெருசு," என்றார். மாமன் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துத் தம் வடையைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தார்.

பெருநாளைக்கு இரண்டு நாளைக்கு முன் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு சிறிய கைக்கடிகாரம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஓர் ஆண்டு தாமதம் என்று சொல்லி அவனிடம் மன்னிப்பும் கேட்டோம். அவன் வாங்கிக் கட்டிக்கொண்டான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பையனுடைய தகப்பனாரிடம் தொலைபேசியில் பேசினோம். சைக்கிள் இந்தப் பெருநாளைக்கும் முடியாது என்றார். அதை நீங்களே உங்கள் வாயால் அவனிடம் சொல்லுங்கள், எப்போது முடியும் என்பதையும் நிச்சயம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள் என்றோம். சொன்னாராம். பையன் அழுதானாம். யாரும் அதட்டவில்லையாம்.

மறு ஆண்டு ரமளானில் நாம் அரிமளம் போக இயலவில்லை. தங்கைதான் தொலைபேசியில் விவரம் சொன்னார். ஏழு நோன்பு பிடித்தானாம். எட்டாவது நாள் லுஹருக்குப் பின் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டான். யாரும் பார்க்கவில்லை. அவனாகவே அடுப்படிக்கு வந்து, "நன்னி, நான் தண்ணி குடிச்சிட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தானாம்.